கோழிக்கூட்டுக்குப் பலகை உண்டு

சாலையோரத்தில் பழமையான இடங்களைக் காட்ட மாவட்ட நிர்வாகம் நட்டுவைத்திருக்கும் பச்சைப் பலகை எதைக் கடந்தாலும் ஓசெல்லா டார்ப்லி காரை மெதுவாக்குவாள். அதில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பாள். பிறகு மூக்கால் "ம்ஹும்" என்று ஒரு சத்தம். முப்பது வருடமாக இதுதான் வழக்கம். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

வர்ஜீனியாவின் தெற்கு ஓரத்தில், புகையிலையும் பைன் மரமும் தவிர வேறெதுவும் பெரிதாக விளையாத ஹார்வுட் மாவட்டத்தில் பலகைகளுக்குக் குறைவில்லை. பழைய நீதிமன்றத்துக்கு ஒன்று. மாவு மில்லுக்கு ஒன்று. கர்னல் ஃபேர்லியின் மாளிகைக்கு ஒன்று, அவருடைய பனிக்கட்டிக் கிடங்குக்கு ஒன்று, அவருடைய கோழிக்கூட்டுக்கும் ஒன்று. 'செங்கல்லால் கட்டப்பட்ட அரிய கோழிக்கூடு' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட அடிமைகள் பைன் தோப்புக்கு நடுவே ஒரு மேட்டில் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பலகை கிடையாது. ஓசெல்லாவின் தாய்வழியார் எல்லாரும் அங்கேதான். அவள் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு, நாலு மாதக் குழந்தையாக இறந்துபோன அவளுடைய அக்கா எர்லினும் அங்கேதான்.

அந்த மேட்டில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. தலைமாட்டில் ஒரு வெள்ளைக் கல், கால்மாட்டில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. ஓடையிலிருந்து அந்தந்தக் குடும்பமே பார்த்து எடுத்து வந்த கல். பச்சைக் குழந்தை என்றால் ஒற்றைக் கல். மேலே குளிர்காலத்திலும் பச்சை மாறாத, நீலப் பூ பூக்கும் படர்கொடி. அவ்வளவுதான். எது யாருடையது என்று வீட்டாருக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

தெரிய வேண்டிய நாள் வந்தது. தோப்புக்காரர் நிலத்தைச் சூரிய மின்தகடு போடும் கம்பெனிக்கு விற்க ஏற்பாடு செய்தார். பழமையான இடங்களின் பட்டியலில் மேடு இருந்தால் கம்பெனி அதைத் தொடக்கூடாது. இல்லையென்றால் புல்டோசர்தான். ஓசெல்லா மனுப் போட்டாள். பட்டியலைத் தயாரிக்கும் ப்ரூவிட் வந்து பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய், 'விவசாயிகள் நிலம் திருத்தும்போது பொறுக்கிப் போட்ட கற்கள்' என்று எழுதிவைத்தான்.

ஓசெல்லா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். அதிர்ந்து பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு நேரே அவன் அலுவலகத்துக்குப் போனாள்.

"மிஸ் ஓசெல்லா, பேரு இல்ல, வருஷம் இல்ல. கல்லறைன்னு நான் எப்படிங்க எழுதுறது?"

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா சவுக்கடி. அப்படி இருந்தவங்க பேரு செதுக்கி வைக்கணுமாக்கும்! கோழிங்க மட்டும் கூட்டுல பேரெழுதி வச்சிட்டுப் போச்சா?"

பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ப்ரூவிட்டுக்குக் காது சிவந்தது.

"மூணாங்கிளாஸ்ல பீன்ஸத் தட்டுக்கு அடியில தள்ளிட்டு, தட்டுல ஒண்ணுமே இல்லேன்னு சொல்லுவ," என்றாள் ஓசெல்லா. "இன்னிக்கும் இருக்கிறத இல்லேன்னுதான் சொல்ற."

"சரிங்க, சரிங்க. பல்கலைக்கழகத்துலேருந்து தொல்லியல் டாக்டர் கெஸ்லர் அடுத்த வியாழக்கிழமை வர்றாங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும்."

ஓசெல்லாவின் தம்பி லான்ஸோ, சர்ச்சின் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் டீக்கன். காலணிக்குப் பாலிஷ் போடாமல் தபால் எடுக்கக்கூட வாசலுக்குப் போகாதவன். நம்ம ஆட்கள் அழுக்கு, சோம்பேறி என்று வெள்ளைக்காரர் ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்பதிலேயே அவனுக்கு அறுபத்தைந்து வயதாகிவிட்டது. புதன்கிழமை சர்ச் ஆட்கள் ஐந்து பேரோடு புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். கொடியை ஒட்ட வெட்டினார்கள். கற்கள் இயந்திரத்துக்கு இடைஞ்சலாக இருந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி வேலியோரம் அழகாக அடுக்கிவிட்டு அக்காவை அழைத்துவந்து காட்டினான்.

"முதுகு ஒடிஞ்சுபோச்சுக்கா. ஆனா பாரு, கோல்ஃப் மைதானம் மாதிரி இருக்கு!"

ஓசெல்லா வேலியோரக் குவியலைப் பார்த்தாள்.

"கல்லுக் குவியல்னு அவன் எழுதினான். நீ குவிச்சே குடுத்துட்டியே, லான்ஸோ."

"வர்றவங்க அசிங்கமா இருக்குன்னு சொல்லிடக்கூடாதேன்னுதான்..."

"யாரு பாத்து எது அசிங்கம்? அம்மா எர்லினுக்கு வச்ச கல்லு எது? எடு. இதுலேருந்து எடுத்துக் குடு, பாப்போம்."

லான்ஸோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் குவியலுக்கு முன்னால் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தம்பி மேல் வந்த கோபம் அவன் மேலேயே நிற்கவில்லை. தன் ஆட்களின் கல்லறையைப் பார்த்தே ஒருவனைக் கூசவைத்தவர்கள் யார் என்று நினைக்க நினைக்க அது அவர்கள் மேல் திரும்பியது. அம்மாவழித் தாத்தாவின் கல்லைக் கண்டுபிடித்தாள்; அதன் நடுவே துருநிறக் கோடு ஓடும். பெரியம்மா ரூதியின் கல்லுக்கு ஒரு முனை உடைந்திருக்கும். இப்படி ஒன்பது பேருடையது அகப்பட்டது. எர்லினுடைய கல் எலுமிச்சம்பழம் அளவு. அந்த அளவில் அங்கே நாற்பது கிடந்தன.

வியாழக்கிழமை டாக்டர் கெஸ்லர் கைப்பிடி வைத்த நீள இரும்புக் கம்பியோடு வந்தாள். குவியலைக் கண்டதும் ப்ரூவிட் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"நான் எழுதினது..."

"கல்ல விடுங்க, தரையப் பாருங்க," என்றாள் டாக்டர்.

படர்கொடி போனதில் தரை அப்படியே தெரிந்தது. ஆள் நீளத்துக்கு லேசாக உள்வாங்கிய பள்ளங்கள், வரிசை வரிசையாக, எல்லாம் கிழக்கு மேற்காக. கம்பியை ஊன்றினால் பள்ளத்தில் சர்ரென்று இறங்கியது. பக்கத்தில், யாரும் தோண்டாத மண்ணில், இறங்க மறுத்தது. இறங்கிய இடத்திலெல்லாம் சின்னத் துணிக்கொடி நட்டாள். மதியத்துக்குள் அறுபத்துமூன்று கொடிகள்.

"விவசாயி ஒருத்தன் எல்லாத்தையும் ஒரே திசையில, அளவெடுத்த மாதிரி தோண்டினானா, மிஸ்டர் ப்ரூவிட்?"

ப்ரூவிட் குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தான். ஓசெல்லா அவன் பக்கத்திலேயே நின்று எழுதியதை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

இன்று மேடு பட்டியலில் இருக்கிறது. முப்பது அடி தள்ளி மின்தகடுகள் நிற்கின்றன. ஒன்பது பேரின் கற்கள் அவரவர் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் திரும்பிவிட்டன. எர்லினுடையதும் மற்ற எல்லாருடையதும் வேலியோரக் குவியலில் கிடக்கின்றன.