அந்தப் பெண் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

போன வருடம், கத்திரி வெயில் சமயம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. தாம்பரத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஷிப்டில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஒட்ட வெட்டிய கிராப்பு, தொளதொள சட்டை, பேன்ட், கனத்த குரல். யார் பார்த்தாலும் பையன் என்றுதான் நினைப்பார்கள். முதல் வாரமே லேடீஸ் டாய்லெட்டில் அவளைப் பார்த்து ஒருத்தி அலறிவிட்டாள். "எங்களுக்கு பயமா இருக்கு சார்" என்று ஹெச்.ஆரிடம் மனு கொடுத்தோம். பெண்கள் பதினோரு பேர் கையெழுத்து. நானும் போட்டேன். அதன்பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. விஷயம் முடிந்தது என்று மறந்தும்விட்டேன்.

அந்தக் கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது பஸ் பொத்தேரி நெரிசலில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் திடீரென வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேல் சாய்ந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, பல் கிட்டி நடுக்கம் வேறு. பதறிப்போய், அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

பரிசோதித்த டாக்டரம்மா, "கிட்னி வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பே?" என்று கேட்டார்.

"காலைல கிளம்பறப்போ ஒரு டம்ளர். அப்புறம் வூட்டுக்குப் போய்தான்."

"இந்த வெயில்லயா? ஏம்மா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் போனபிறகு நான்தான் மறுபடி கேட்டேன். டிரிப்ஸ் ஏறும் கையைப் பார்த்தபடியே சொன்னாள்: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போணுமேக்கா. லேடீஸ்ல போனா நீங்க பயப்படறீங்க. ஜென்ட்ஸ்ல போனா எனக்கு பயமா கீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு மாதமாக, தினமும் பத்து மணி நேரம்! "அந்த மனுல நானும் கையெழுத்துப் போட்டேம்மா" என்றேன்.

"தெரியும்க்கா. ஹெச்.ஆர். சார் பேப்பரைக் காட்டினாரு."

தெரிந்துகொண்டேதான் தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா வந்து சேரும்வரை, அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை ஹெச்.ஆரிடம் போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். இன்னும் நாலு பேரை எழுத வைக்க மூன்று வாரமானது. இருவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. ஹெச்.ஆர். ஒருவழியாக மனுவை ஓரங்கட்டினார்; இப்போது அவள் எங்கள் டாய்லெட்டுக்குத்தான் வருகிறாள். வருகிறாள், கை கழுவுகிறாள், போகிறாள், அவ்வளவுதான்.

பயத்தில் கையெழுத்துப் போட்டதைக்கூட ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். ஆனால், 'அப்படியானால் இந்தப் பெண் எங்கேதான் போவாள்?' என்று அந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே, அதை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு பதறுகிறது.