பார்த்தெழுதிய பன்னிரண்டு கொப்பிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பலதும் மறந்தும் போய்விட்டது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துறைமுகத்தில் குண்டு விழுந்து பாதிச் சனம் ஊரை விட்டு ஓடியிருந்தது. நாங்கள் பாலையூற்றிலேயே இருந்தோம். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது ஐந்தாம் வகுப்புக்கு ஒரேயொரு வாசிப்புப் புத்தகம்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் ரீச்சருடையது. புதிதாக எடுப்பிக்க வழியில்லை.

"உன்ர எழுத்து வடிவு, பிள்ளை. எல்லாருக்கும் பார்த்தெழுதித் தா. ஒரு எழுத்தும் விடப்படாது" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்" என்றேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது.

என்னைப் பெற்ற ஐயா கோயிலில் படிக்கும் பாட்டுக் கொப்பிகளைப் பார்த்தெழுதுகிறவர். முடிவில் எழுதியவர் பெயரும், பிழை பொறுக்கவும் என்று ஒரு வரியும் போட வேண்டும். போடாவிட்டால் அது குறை. நானும் புத்தக மட்டையின் உட்பக்கத்தில் அச்சடித்திருந்ததில் தொடங்கிக் கடைசிப் பாடம்வரை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். பன்னிரண்டு கொப்பியிலும்.

அந்த உட்பக்கத்தை ஒருநாள் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவள் உரத்து வாசித்தாள். "அனுமதியின்றிப் பிரதி செய்வோர் சட்டப்படி தண்டிக்கப்படுவர்."

"இஞ்ச பாருங்கோடி! களவெடுத்துப்போட்டுக் கையெழுத்தும் வச்சிருக்கிறாள்!"

"மறியல் கம்பிக்குள்ள போய் அங்கயும் பார்த்தெழுதடி!"

எல்லோரும் சிரித்தார்கள். எழுதும்போது அந்த வரியின் கருத்து என் தலையில் ஏறவேயில்லை. ரீச்சரிடம் காட்டினேன்.

"இதை ஏன் எழுதினனீ?"

"ஒரு எழுத்தும் விடப்படாதெண்டு நீங்கள்தான்..."

"உஷ்! சத்தம் போடாத."

ரீச்சர் கொப்பிகளைத் திருப்பி வாங்குமுன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஒன்றை எடுத்துப் பிரட்டினார்.

"இதெல்லாம் ஆர் எழுதினது?"

"தெரியாது ஐயா. பிள்ளையள் தங்கட பாட்டில..." என்றார் ரீச்சர்.

இன்ஸ்பெக்டர் கடைசிப் பக்கத்துக்குப் போய் என் பெயரை வாசித்தார். எழும்பினேன்.

"ஆர் சொல்லி எழுதினீர்?"

ரீச்சரைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை போகும் என்று நினைத்தேன்.

"நானாத்தான் ஐயா."

இன்ஸ்பெக்டர் அந்தக் கொப்பியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எந்தக் கணமும் பிடிக்க வருவார்கள் என்றிருந்தேன். அப்போது ஊர் முழுக்கக் காக்கியும் வெள்ளையுமாகப் பட்டாளத்து உடுப்புக்காரர். வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவேன்.

"ஆபத்துச் சங்கு ஊதேல்லயே. குழிக்குள்ள என்ன செய்யிறாய்?" என்பார் அம்மா.

"குளிர்ச்சியாயிருக்கு" என்பேன்.

ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம். பொலிஸ் நிலையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏலாது என்றுவிட்டேன். காரணம் கேட்டு ஐயா அடித்தும் சொல்லவில்லை. ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. ஆனால் நானும் அந்த ஒழுங்கையை விட்டுப் போகவில்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்கென்று கையால் எழுதினாலும் அது குற்றம்தானா? சட்டம் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இதன் கீழே என் பெயர் போடவில்லை. மட்டையிலிருந்த அந்தத் தண்டனை வரியையும் நினைவிலிருந்துதான் எழுதினேன். பழைய புத்தகம் எங்காவது இருந்தால் ஒத்துப் பார்த்து, பிழையைத் திருத்திவிடுங்கள்.