தூக்கிக் குடிக்கும் வீடு

நீங்கள் தண்ணீரை வாய் வைத்துக் குடிப்பீர்களா, தூக்கிக் குடிப்பீர்களா?

எங்கள் வீட்டில் இது வெறும் பழக்கம் இல்லை. குலப்பெருமை. இருப்பது புனே விஷ்ராந்த்வாடியில், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஆனால் செருப்பைக் கழற்றி உள்ளே வந்துவிட்டால் திருநெல்வேலிச் சட்டம்தான். டம்ளர் உதட்டில் படக் கூடாது. பட்டால் எச்சில். தட்டு வைத்த இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒருத்தர் கடித்த மாம்பழத்தை இன்னொருத்தர் தொடவே கூடாது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே பாட்டிலை மாற்றி மாற்றி உறிஞ்சும்போது நான் மட்டும் அண்ணாந்து கடகடவென்று தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வேன். ஒரு சொட்டு சிந்தாது. மராத்திப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே கெத்து அதுதான்.

கொரோனாவின் முதல் அலை எங்களைத் தொடாமல் போனதும் அப்பாவுக்குத் திமிர் ஏறிவிட்டது. ராணுவம் சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது சர்க்குலர்.

"நம்மள்லாம் எச்சி பாக்குத ஆளுக. நமக்கு எப்படி வரும்? ஒரே கப்புல வாய வச்சு வச்சுக் குடிக்கான் பாரு, அவனுக்குத்தான் வரும்."

நானும் நம்பினேன். இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

இரண்டாவது அலை கிளம்பியபோது அக்காவுக்கு ஏழாவது மாதம். அவளும் அத்தானும் புனேயின் இன்னொரு கோடியில், மகர்பட்டாவில் இருந்தார்கள். அத்தானுக்கு ஐடி வேலை, வீட்டிலிருந்தே. காய்கறிகூட வாசலுக்கு வந்துவிடும். அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துவருவது பற்றி அப்பா பேச்சை எடுத்ததும் அத்தான் போனில் தயங்கினார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மாமா, இங்க நாங்க ரெண்டு பேருதான். நான் வெளியவே போறதில்ல. இந்தத் தடவ அவ இங்கயே இருக்கட்டுமே."

"மாப்ள, தலைப்பிரசவம் பொறந்த வீட்லதான். ஊர்ல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

ஊர் என்பது நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் பதினைந்து சொந்தக்காரர்கள். அந்தப் பதினைந்து பேருக்கு முன்னால் அத்தானால் நிற்க முடியவில்லை. அடுத்த வாரமே அக்காவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே நின்று, உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

அக்கா வந்ததும் வராததுமாக என் அறையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏட்டி, என் ரூம ஏன் இப்படிக் குப்பையா வச்சிருக்க?"

"உன் ரூமா? ஹலோ மேடம், உனக்குக் கல்யாணம் ஆயாச்சுல்லா. பட்டா என் பேருக்கு மாறியாச்சு."

"வயித்துல ஒண்ணோட வந்துருக்கேன். எனக்கு ரெண்டு ஓட்டு. நீ ஹால்ல போய்ப் படு."

படுத்தேன். அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வேலைதான்: அக்காவுக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் வந்துவிடக் கூடாது. வெளியே போய் வந்தால் குளியல். பால் பாக்கெட்டுக்குக் குளியல். பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று அக்காவும் நானும் சண்டை போடுவதுதான் பொழுதுபோக்கு.

வீட்டில் ஏசி ஒன்றுதான், அக்கா இருந்த அந்த அறையில். எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தூசி. ஏப்ரல் வெயில் வேறு. எனவே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாலு பேரும் அந்த அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்து, குளிர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வோம். அம்மாவும் நானும் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பார்.

ஆமாம், வாசிப்பார். வயிற்றிலிருந்த பிள்ளைக்கு.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ராஜா ராணிக் கதைப் புத்தகம் ஒன்று. அக்காவும் நானும் வீட்டில் தமிழ் பேசுவோமே ஒழிய, அப்போது எங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நடுநடுவே இந்தி கலக்காமல் நாலு வாக்கியம் வராது. அப்பாவுக்கு அது தீராத குறை.

"நீங்க ரெண்டு பேரும் தமிழக் கொன்னு போட்டிய. இதாவது ஒழுங்காப் பேசட்டும். இப்பவே காதுல விழணும்."

மனுஷன் சும்மா வாசிக்கவில்லை, நடித்தார். ராஜா கர்ஜிப்பார், மந்திரி குழைவார், போர்க்களத்தில் யானை பிளிறும். வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, உரக்க, ஒரு மணி நேரம். பிள்ளை உதைத்தால் அக்கா அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைப்பாள். அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அப்பாவை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை என் போன் ஸ்கிரீனை மாற்றுவதற்காக கேம்புக்குப் போனேன், ஊரிலேயே கூட்டம் நெரிகிற கடைத்தெரு அது. அம்மாவிடம் தோழி வீட்டில் நோட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாதி ஷட்டர் இறக்கிய கடை, உள்ளே எட்டு பேர், காற்றே இல்லை. வெளியே வந்து மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒரு கரும்பு ஜூஸ் குடித்தேன். அதையும் தூக்கித்தான் குடித்தேன். திரும்பி வந்தபோது கீழே பெஞ்சில் மற்ற பெரியவர்களோடு உட்கார்ந்திருந்த அப்பா, கடைப் பெயர் போட்ட பையை என் கையில் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். அடிபிடித்து வீடே தீய்ந்த நாற்றம். வேறு பால் இல்லாததால் அதிலேயே காப்பி. டிகாஷன் ஒரு நூல் இறங்கினாலே டம்ளரைத் திருப்பி அனுப்புகிற அப்பா, அன்று அதைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"என்னப்பா, திடீர்னு முனிவர் ஆயிட்டிய?"

"எதுக்கு?"

"பால் தீஞ்சு போச்சுல்லா. தெரியலயா?"

அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ரெண்டு நாளா லேசாச் சளி. அதான் மணம் தெரியல. அக்காட்ட சொல்லாத, சும்மா பயந்துக்கிடுவா."

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது என்று நினைக்கிறேன். வாசனை போனால் என்ன அர்த்தம் என்று அந்த நாளில் தெருவில் போகிற நாய்க்குக்கூடத் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் ஓடியது கேம்ப்.

"சரி, நான் சொல்லல. நீங்களும் நான் கேம்ப் போனத அம்மாட்ட சொல்லப்படாது."

"டீல்," என்றார் அப்பா. எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வார்த்தை. இரண்டு பேரும் சிரித்தோம். அன்று மத்தியானம் போர்க்கள அத்தியாயம். யானை வழக்கத்தைவிடச் சத்தமாகப் பிளிறியது, நடுவில் இரண்டு தடவை இருமலோடு.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். டெஸ்டில் பாசிட்டிவ். வீட்டில் எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி ஒரு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அப்பா அம்மாவின் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், அடையாளத்துக்கு நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி. வாசலில் ஸ்டூல் போட்டு அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போவாள். நான் தின்றதும் பாத்திரத்தை இடுக்கியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். ஸ்டூலை மூன்று தடவை துடைப்பாள். எச்சில் விஷயத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கத்து அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். துண்டை நெருக்கித் தள்ளுவது கேட்கும். அப்புறம் சுவர் வழியாக ராஜாவின் கர்ஜனை.

அக்காவுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். 'அப்பாவுக்கும் சளி இருக்கு, பக்கத்துல விடாத, கதவத் திற.' அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாசிட்டிவ் வந்தது எனக்கு. இப்போது அப்பா மேல் பழி போடுகிறேன் என்பார்கள். அப்பா கேம்ப் கதையை எடுத்து விடுவார். அழித்துவிட்டு வேறு அடித்தேன்: 'பாப்பா என்ன செய்யுது?' அவள் பதில் போட்டாள்: 'தாத்தா கதைக்கு டான்ஸ் ஆடுது. நீ செத்துராத, பாத்துக்க ஆள் வேணும்.' கூடவே சிரிக்கிற மூஞ்சி மூன்று.

மறுநாளும் வாசித்தார். அதற்கு மறுநாளும்.

சனிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், எல்லாருக்கும் பாசிட்டிவ். அம்மாவுக்கு உடம்பு வலியோடு போயிற்று. அப்பாவுக்கு இருமல். அக்காவுக்கு மட்டும் மூச்சு. செவ்வாய்க்கிழமை காலை ஆக்ஸிமீட்டரில் தொண்ணூற்றி ஒன்று. அத்தான் விடிந்ததிலிருந்து போன் போட்டு, கர்ப்பிணி என்று சொன்னதும் கை விரித்த இடங்களையெல்லாம் தாண்டி, சாயங்காலம் ஒரு படுக்கை பிடித்தார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் மேலே வந்தபோது நான் என் கதவை ஒரு கை அளவு திறந்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் கதவுக்கு நேராக வந்ததும் நின்றாள்.

"நோட்ஸ் வாங்கத்தான போன நீ?"

அவள் சொன்னது அவ்வளவுதான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேம்ப் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. அந்த நிமிடத்தில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன, யானையைப் பற்றிச் சொல்வதா?

ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் ஸ்கேனில் பிள்ளையின் இதயத் துடிப்பு இல்லை. பெண் பிள்ளை. எட்டாவது மாதம். அத்தான் மட்டும் தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடுப்பில் போய்ப் பார்த்தார். எங்களுக்குப் புகைப்படம்கூட அனுப்பவில்லை. அக்கா இருபது நாள் கழித்துப் பிழைத்து வந்தாள். நேரே மகர்பட்டாவுக்குப் போனாள். இங்கே விட்டுவந்த அவள் துணிமணிகளை அத்தான் வந்து வாங்கிப் போனார். அன்றைக்கும் வாசலோடு சரி.

பிறகு நான் நிறையப் படித்தேன். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே பரவ ஆரம்பித்துவிடும். சாத்திய அறையில் உரக்கப் பேசினால் வாயிலிருந்து வருகிற பொடித்துளிகள் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். தட்டும் டம்ளரும் பெரிய விஷயமே இல்லை. கேம்பில் வாங்கி வந்தது நானாகவும் இருக்கலாம், கீழே பெஞ்சில் வாங்கி வந்தது அப்பாவாகவும் இருக்கலாம். எந்த டெஸ்டும் அதைச் சொல்லாது. ஆனால் தேதியை எனக்கு எண்ணத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, எனக்குக் காய்ச்சல் வரதுக்கு முன்னாடியே உங்களுக்கு மணம் தெரியாமப் போச்சுல்லா?"

"அது சளி," என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அவர் அதற்கப்புறம் எதையும் உரக்க வாசித்ததில்லை. பேப்பரைக்கூட. அம்மாவுக்கு இன்றுவரை நான்தான் குற்றவாளி. கோபம் வந்தால் "கேம்ப்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வாள். நான் அதை மறுத்ததில்லை. தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை. மறுத்தால், அப்பாவின் சளியை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள்.

அக்கா என்னிடம் பேசாமல் வருடங்கள் போயின. பிறந்தநாளுக்கு அத்தான் வாழ்த்து அனுப்புவார், இரண்டு பேர் சார்பில் என்று. போன வாரம் அவளே கூப்பிட்டாள். அத்தான் நம்பரிலிருந்து வந்ததால் முதலில் நான் அவர் என்றே நினைத்தேன்.

"ஏழாவது மாசம்," என்றாள். "அம்மாட்ட மட்டும்தான் சொல்லிருக்கேன்."

நான் எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

"ஞாயித்துக்கிழம வாரியாட்டி? இவரு ஆபீஸ் விஷயமா வெளியூர் போறாரு. ராத்திரி தனியாப் படுக்கப் பயமா இருக்கு. வந்து பக்கத்துல சும்மா இரி. பேசாட்டாலும் பரவால்ல."

"வாரேன்," என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து எனக்குத் தொண்டை கரகரக்கிறது.