தறியை நிறுத்தச் சொன்னவள்

காலை ஆறரைக்குச் செங்கோட்டை ரயில் என்னைச் சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு ஆட்டோ ஏறினேன். கோயிலுக்குத்தானே என்றார் ஓட்டுநர். தறி ஓடும் தெரு என்றதும், சேலை எடுக்கவா என்றார். பிள்ளை வளர்ப்பதைப் பார்க்க என்றேன்.

"அதுல பாக்கதுக்கு என்ன மேடம் இருக்கு?"

இரண்டு கிலோமீட்டரும் விளக்கிக்கொண்டே போனேன். கைக்குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லித்தரும் திட்டம் ஒன்று இங்கே நடக்கிறது. அதில் பலன் உண்டா என்று ஆராய்வது என் வேலை. எண்பது ரூபாயை வாங்கிக்கொண்டு, நல்லா பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்கு, அந்தத் திட்டத்தில் இருக்கும் செல்வியின் வீடு. முன்னறையில் இரண்டு விசைத்தறிகள். அவள் கணவர் முருகன் ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பின்னறைத் தொட்டிலில் எட்டு மாதப் பையன் தூங்கினான். வாராவாரம் வந்து சொல்லித்தரும் பெண் அன்று லீவு. செல்வி நல்ல சேலை கட்டி, பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தாள். பரீட்சை எழுத வந்தவளைப் போல இருந்தாள்.

தாய் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று முருகனிடம் கேட்டேன்.

"நின்னா பிள்ள முழிச்சிருவான் மேடம்" என்றார்.

எங்கள் வீட்டில் மகள் தூங்கினால் மிக்ஸிகூடப் போட மாட்டோம். சத்தம் நின்றால் பிள்ளை எப்படி விழிக்கும்? ஒன்றும் ஆகாது என்றேன், எல்லாம் தெரிந்தவளாக.

தறி நின்றது. பையன் தூக்கிவாரிப்போட்டு விழித்து, வீல் என்று கத்தினான். செல்வி தோளில் போட்டாள், கிலுகிலுப்பையை ஆட்டினாள், 'இது பந்து, இது பூ' என்று படித்த பாடத்தை ஒப்பித்தாள். அவன் அடங்கவில்லை. பார்க்க வந்தவர் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் விதி. நானும் பேனாவும் கையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வாசலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "பெத்த பிள்ளைய அமத்தத் தெரியல. இவளப் பாக்க மெட்ராஸ்ல இருந்து வேற வந்திருக்காவ."

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. முருகன் என்னைக் கேட்காமலே தறியை ஓடவிட்டார். பையன் விசும்பி, அவள் தோளிலேயே கண்ணை மூடினான். வயிற்றில் இருந்தபோதே கேட்ட சத்தம் அது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

கிளம்பும்போது செல்வி தெருமுனை வரை வந்தாள். "எனக்குப் பிள்ள வளக்கத் தெரியலன்னு எழுதுவியளா மேடம்?"

உங்கள் பெயர் எங்கும் வெளிவராது என்றேன். எல்லா வீட்டிலும் நான் சொல்லும் வாக்கியம்.

"பேரு வராட்டா என்ன மேடம். அத்த பாத்துட்டாவல்லா."

அடுத்த வீட்டைப் பார்க்கப் பஸ் ஏறிவிட்டேன். கரிவலம்வந்தநல்லூர் பத்து கிலோமீட்டர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மாமியாரிடம் உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும்; அதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். கரிவலத்தில் இறங்கி, அடுத்த வீட்டுக்கு வரமுடியாது என்று போன் செய்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பினேன்.

மாமியார் அதே வாசலில் இருந்தார். தப்பு என்னுடையது, தறியை நிறுத்தச் சொன்னது நான்தான், செல்வி மேல் குறையே இல்லை என்றேன்.

"தெரியுமே" என்றார். "முருகன் கைப்பிள்ளையா இருக்கும்போது அவன் அப்பா தறிய நிறுத்துனா அவனும் இப்படித்தான் கத்துவான்."

பின்னே ஏன் அவளைத் திட்டினீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஆள வைய முடியுமா தாயி? அதான் அவள வஞ்சேன்."

எனக்கு விழ வேண்டிய திட்டு அது. மரியாதை எனக்கு, கண்ணீர் அவளுக்கு.

உள்ளே போனேன். தறிச் சத்தத்தில் நாங்கள் பேசியது எதுவும் செல்விக்குக் கேட்டிருக்காது. நிறுத்தச் சொல்லவும் இனி எனக்கு வாய் இல்லை. அவள் காதருகே குனிந்து, தப்பு என் மேல்தான் என்று தொண்டை வலிக்கச் சொன்னேன். முழுதாகக் கேட்டதோ என்னவோ, அவள் கண் வாசல் பக்கமே இருந்தது.

"அத்தைட்ட சொல்லிட்டியளா?"

தலையாட்டினேன். அவள் மெல்லத் தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.