நல்ல பக்கம் எது?

அடுத்தவர் வெட்டிக் கொடுக்கும் துண்டை வைத்துக் கணக்குப் போடுவது என் தொழில். இதில் பெரிய சங்கடம், தப்பான கணக்கும் சரியான கணக்கைப் போலவே அழகாக வந்து நிற்கும் என்பதுதான். மரபணுத் தரவுகளோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். வேலூரில் நடந்த எங்கள் மாநாட்டின் கதையைச் சொன்னால், ‘எனக்கும் இப்படி ஆயிற்று’ என்று நீங்களாவது சொல்வீர்கள் என்று ஒரு நப்பாசை.

தோல் என்றால்

புனேயிலிருந்து வந்த பேராசிரியர் சுமதி காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடித்தார். பூர்வீகம் திருச்சி. அதனால் தமிழிலேயே, தோல் ஆராய்ச்சி மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டார். தலை நிமிர்ந்தபோது வண்டி ஆம்பூர் சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. பதறிப்போய் வரவேற்பு மேஜைக்குப் போன் செய்தார்.

மேஜையில் இருந்த நான்தான் டிரைவரிடம் பேசினேன். இது செருப்புத் தோல் இல்லை, மனிதத் தோல், வண்டியைத் திருப்புங்கள் என்றேன். அவர் கேட்டார்: “தோல்னா ஆம்பூர்தான சார்? மனுசத் தோலுக்குக்கூடவா மாநாடு போடறீங்க?”

சுவரில் நீலம்

அவருக்குச் சொல்ல நேரமிருந்திருந்தால், ஆம்பூர்த் தோலுக்கும் எங்கள் மாநாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றே சொல்லியிருப்பேன். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில், தோலைப் போட்டுச் சுழற்றும் குரோம் நீர் டிரம் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்குக் கையில் அரிப்புப் புண் வருகிறது. அதுதான் எங்கள் ஆய்வு. தோல் மருத்துவர் நஸ்ரீன், புண்ணின் விளிம்பில், ஒரு முனை புண்ணும் மறுமுனை நல்ல தோலுமாக ஓர் அரிசி நீளத்துக்குத் துண்டு எடுப்பார். அதை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால், எந்த இடத்தில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்பது படமாகக் கிடைக்கும். அந்தப் படத்தைக் கணக்காக்குவது நான்.

எங்கள் முடிவு இதுதான்: பார்வைக்கு நன்றாக இருக்கும் முனையிலும் நோய் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அரிப்பு தொடங்கிய உடனேயே ஆளை டிரம்மிலிருந்து மாற்ற வேண்டும். ஒரு தொழிற்சாலை மேனேஜர், மாநாட்டில் இதை நிரூபித்தால் மாற்றிவிடுகிறேன் என்று நஸ்ரீனிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே டிரம் பிரிவில் இருக்கும் ஏழுமலை, எங்களுக்குத் தோல் கொடுத்தவர்களில் ஒருவர். மறுநாள் நஸ்ரீனின் உரையைக் கேட்க அவரும் வருவதாக இருந்தது.

அன்று காலை எங்கள் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தோம். ஒருவழியாக வந்து சேர்ந்த சுமதி அதன் முன் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு துண்டிலும் நல்ல முனையில் அடையாளத்துக்கு நீல மை வைப்பது வழக்கம் என்று சொன்னேன். அவர் கிட்டே போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார். “இந்தப் படத்துல எல்லாம் மை முனையில இருக்கு. அந்தப் படத்துல எல்லாம் மேல்விளிம்பு முழுக்க ஓடுது. அப்ப அதுல நல்ல முனை எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மேல்பக்கம்

எத்தனையோ முறை பார்த்த படங்கள். கம்ப்யூட்டர் திரையில் நூலிழையாக இருந்த நீலம் சுவரில் விரல் தடிமனுக்கு ஓடியது.

எங்கள் டெக்னீஷியன் பிரசவ விடுப்பில் போனபோது அவர் இடத்துக்கு வந்தவர் சலீம். லேப் படிப்பு படிப்பதற்கு முன் ஆம்பூரில் தோல் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். நஸ்ரீன் துண்டை இடுக்கியில் நீட்டி, ‘நல்ல பக்கத்துல மை வெச்சிடுப்பா’ என்று சொல்லிவிட்டுத் தையல் போடத் திரும்பிவிடுவார். அவர் சொன்னது நோயில்லாத முனையை. சலீமுக்கோ நல்ல பக்கம் என்றால் பளபளக்கும் மேல்பக்கம், மற்றது சதைப்பக்கம். ஒரு துண்டு விடாமல் மேல்பக்கத்தில் நேர்த்தியாகக் கோடு இழுத்திருக்கிறார். மை வழிந்து எந்த முனையில் தேங்கியதோ அதை நல்ல முனை என்று எடுத்துக்கொண்டது நான் எழுதிய புரோகிராம். ஏறக்குறைய பாதித் துண்டுகள் அவர் கைபட்டவை. அவற்றில் எது புண், எது நல்ல தோல் என்று இனிச் சொல்ல முடியாது; புண் முனையையே நல்ல முனை என்று எண்ணி, அதில் நோய் இருக்கிறது என்று நான் கணக்குக் காட்டியிருக்கலாம்.

சலீமுக்குப் போன் செய்தபோது கோபப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மேடம் நல்ல பக்கத்துல வைன்னாங்க. நல்ல பக்கம்னா மேல்பக்கம்தான சார்? நான் இன்னா தப்பு செஞ்சேன்?”

ஆறிப்போன பிரியாணி

மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து, சலீமின் துண்டுகளை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். முடிவு அதே திசையில் லேசாகச் சாய்ந்தது. ஆனால் தற்செயல் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாத அளவுக்கு லேசாக. இதை வைத்துக்கொண்டு யாரையும் டிரம்மிலிருந்து மாற்றச் சொல்ல முடியாது.

சுமதியைத் தவிர யாரும் மையைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு மறுநாள் காலை ரயில் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அது ஏன் நினைவுக்கு வந்தது என்று என்னையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிட மோசமான கேள்வி ஒன்றும் உண்டு. முடிவு எங்களுக்குப் பிடிக்காததாக வந்திருந்தால், அந்த மையை முதல் நாளே உற்றுப் பார்த்திருக்க மாட்டேனா?

நஸ்ரீனிடம் சொன்னேன். தட்டிலிருந்த பிரியாணியை ஓரமாக நகர்த்தினார். தப்பானவற்றை மட்டும் திருப்பிப் போட முடியாதா என்று கேட்டார். எது தப்பு என்று தெரிந்தால்தானே திருப்ப முடியும் என்றேன். தான் ‘நல்ல பக்கம்’ என்று சொல்லியிருக்கக் கூடாது என்றார்; நான் பார்த்திருக்க வேண்டும் என்றேன். ஏழுமலை வருவாரே என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கடைசியில் எழுந்து கை கழுவப் போகும்போது சொன்னார்: “தெரியலைன்னு சொல்லிடலாம் சார். அதுக்கும் ஒரு ஸ்லைடு போட்டுடுங்க.”

மூன்றாவது வரிசை

மறுநாள் மூன்றாவது வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தள்ளி, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு ஏழுமலை. பின்வரிசையில் சுமதி; ரயிலை விட்டுவிட்டார்.

நஸ்ரீன் அந்த ஸ்லைடைக் கடைசிக்குத் தள்ளவில்லை, முதலிலேயே போட்டார். குரல் நிதானமாக இருந்தது. பேசி முடித்ததும் சுமதி கேள்வி எதுவும் கேட்கவில்லை. மேனேஜர்தான் மைக்கை வாங்கினார். கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகவே சொன்னார்: “நிரூபணம் வரட்டும் டாக்டர், கண்டிப்பா மாத்தறேன். அதுவரைக்கும் கையுறை ஜாஸ்தியா குடுக்கச் சொல்றேன்.”

இன்னொரு துண்டு

டீ இடைவேளையில் ஏழுமலை எங்களைத் தேடி வந்தார். அவருடைய துண்டு சலீம் மை வைத்தவற்றில் ஒன்று. தவறு நடந்த விதத்தை ஒளிக்காமல் சொன்னேன். முதலிலிருந்து துண்டு எடுக்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம், இப்போதே சொல்ல வேண்டியதில்லை என்றார் நஸ்ரீன்.

அவர் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வலது கைப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார். நாங்கள் துண்டு எடுத்தபோது புண் ஒரு ரூபாய்க் காசளவுதான் இருந்தது. இப்போது பரவிய புண்ணுக்குள் நாங்கள் போட்ட தையல் தழும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நஸ்ரீன் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழுமலை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, இடது கைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இந்தக் கைல இனிமே நல்ல பக்கம்னு ஒண்ணும் இல்ல மேடம். அந்தக் கைல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, அதுல எடுத்துக்குங்க.”

இப்போதெல்லாம் எங்கள் லேபில் ஒவ்வொரு துண்டுக்கும் மேல், கீழ், புண் முனை, மறுமுனை என்று நாலு பெயர் எழுதுகிறோம். ‘நல்ல’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை.