மரப்பாலத்தில் பதினான்கு பலகைகள்

என் அக்கா புருஷன் டவுன் பஸ் டிரைவர். அதே டிப்போவில் நான் மெக்கானிக். டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவான், இவர் தன் வேகத்தை மாற்ற மாட்டார். எறும்பு குறுக்கே போனாலும் பிரேக் போடுகிற ஆள் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். முதல் இருபத்தொரு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் என்னுடைய வீடியோ கேம் பெட்டி ஒன்று அவர் கைக்குப் போனது. போனது போனதுதான். அதில் இருந்தது ஒரே ஒரு கேம். கப்பல் உடைந்து ஒரு மாலுமி தீவில் கரை ஒதுங்குவான். தீவெல்லாம் அலைந்து கப்பலின் ஏழு துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். நான் பதினொரு நாளில் எடுத்து முடித்தேன். மச்சான் இருபத்திரண்டு வருஷமாக ஆடுகிறார். இதுவரை நாலு துண்டு கிடைத்திருக்கிறது.

“துண்டு எங்க ஓடிப் போகப் போகுது மாப்ளே? ஊரைச் சுத்திப் பாக்க விடு” என்பார்.

தினம் எட்டு நடை ஒரே ரோட்டில் போய் வருகிறவருக்கு ஸ்டாப்பிங்கே இல்லாத தீவு கிடைத்தால் விடுவாரா? கேமில் வருகிற எழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் புரியாது. அதனால் இடங்களுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்தோம். இலையெல்லாம் மஞ்சளாக இருக்கிற காடு மஞ்சக்காடு. உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத உச்சி, சோம்பேறிக் குன்று. ஒரு பாட்டி தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கிற இடம் சிவப்பு வீடு. ஒருநாள் போனில் அவர் என்னிடம், “உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம், சாயந்திரம் சிவப்பு வீட்டுக்குப் போலாம்” என்று சொன்னதை அக்கா கேட்டுவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் டி.வி. முன்னால் அவளை உட்கார வைத்து அந்தப் பாட்டியைக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனாள்.

மஞ்சக்காடும் சோம்பேறிக் குன்றும்தான் அவருக்கு உயிர். குன்றின் மேல் மாலுமியை நிறுத்திவிட்டு, கடலில் சூரியன் இறங்குவதை அரை மணி நேரம் பார்ப்பார். நானும் சும்மா இருக்காமல், “டிக்கெட் எடுத்தாச்சா மச்சான்?” என்று கிண்டுவேன்.

கொஞ்ச மாதங்களாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை. எப்போது பார்த்தாலும் சொட்டுக் குகை, தவளைக் குட்டை, மரப்பாலம், அருவி. குகையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இருட்டுதான் இருக்கிறது. “வயசானா காடும் கசக்குமா மச்சான்?” என்று கேட்டேன். சிரித்தார். மரமண்டை, நானும் கூடச் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஹாலில் ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. மச்சான் டி.வி.க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். தவளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

டி.வி.யில் படம் இல்லை.

திரை முழுக்கக் கறுப்பு. சத்தம் மட்டும் வருகிறது. அவர் பாட்டுக்குப் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார். தவளைச் சத்தம் பின்னால் போனது. டக், டக் என்று பலகை மிதிபடுகிற சத்தம் வந்தது. அவர் வாய் மெதுவாக எண்ணியது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பாலம் முடிந்ததும் மாலுமியை வலது பக்கம் திருப்பினார். அருவிச் சத்தம் கிட்டே வந்தது. ஒரு தடவைகூட அவன் தண்ணீரில் விழவில்லை. நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன்.

“மச்சான், டி.வி. போயிடுச்சு.”

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. கையிலிருந்த கேம் ரிமோட் தரையில் விழுந்தது. “எப்ப வந்தே? போகல, போகல. வெளிச்சத்தை நான்தான் குறைச்சு வச்சேன்.”

“எதுக்கு?”

“சும்மா ஒரு பழக்கத்துக்கு.”

“என்ன பழக்கத்துக்கு?”

அவர் கீழே விழுந்ததைத் தரையில் தடவித் தேடினார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இந்த வருஷம் அவர் வண்டிக்கு இடது பக்கக் கண்ணாடியை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். மூன்று தடவையும் எதிலோ இடித்து உடைந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கிற கம்பி லூஸ் என்று நானே கண்டுபிடித்து, நானே முறுக்கி, அதை நோட்டில் எழுதி வேறு வைத்தேன். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று புகார் கொடுத்தார். பல்பை மாற்றினேன். மறுபடியும் மங்கல் என்றார். ஒயரையும் மாற்றினேன். அப்புறம் இரவு டியூட்டியே வேண்டாமென்று பகலுக்கு மாற்றிக்கொண்டார். எஞ்சின் உறுமுவதை வைத்தே எந்த நட்டு கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை அடிக்கிறவன் நான். மனுஷனுக்கு வந்த கோளாறுக்கு எட்டு மாதமாக வண்டியை ரிப்பேர் பார்த்திருக்கிறேன்!

“கண்ணா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலையாட்டினார். “குழாய் வழியா பாக்கிற மாதிரி மாப்ளே. நேரா இருக்கிறது தெரியுது, பக்கத்துல இருக்கிறது தெரியல. குழாய் வரவர சின்னதாகும்னு டாக்டர் சொன்னார். ஒருநாள் முழுசா மூடிக்குமாம். மருந்து கிடையாதாம். அதான், மூடுறதுக்குள்ள காதால வழி கண்டுபிடிக்கப் பழகிக்கிறேன். தீவுல விழுந்தா அடி படாது பாரு.”

“இதோட வண்டி ஓட்டுறீங்களா? காலைல எட்டரை வண்டி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மச்சான்!” கத்தியே விட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீயும் சொல்லாதே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆத்திரத்தில் டி.வி. பக்கம் போய் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, அவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். நாளைக்கு அவர் வண்டி எடுக்கக் கூடாது. எடுத்தால் நானே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாயைத் திறக்கப் போனேன்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன்.

மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணிகளை வாரி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் சத்தத்தில் அவள் வந்தது எனக்கும் கேட்கவில்லை. மச்சானுக்கு இடது பக்கம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வெயில் முகத்திலேயே அடிக்க நிற்கிறாள். பேசாதே என்று எனக்குத் தலையசைத்தாள்.

“பகல்ல ஒரு பயமும் இல்ல மாப்ளே” என்று மச்சான் ஆரம்பித்தார். கெஞ்சுகிற குரல். “வெயில் இருந்தா எல்லாமே பளிச்சுனு தெரியுது. இன்னும் ஒரே ஒரு வருஷம். பொண்ணு காலேஜ் முடிச்சிரட்டும், நானே எழுதிக் கொடுத்துடறேன்.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க அக்காதான் தாங்க மாட்டா. ஆனா ஒண்ணு, அவளுக்கு இன்னும் சந்தேகம் வரல. வந்தா முகத்துலயே தெரிஞ்சிரும். அவ முகத்துல ஒரு சின்ன மாத்தம் வந்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்.”

அக்காவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. கை இரண்டிலும் துணி. ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்து இடது பக்கம் திருப்பிவிடலாமா என்றிருந்தது.

“என்ன மாப்ளே, பேச மாட்டேங்கிறே?”

“நான் வந்து ரொம்ப நேரமாச்சுங்க” என்றாள் அக்கா.

அவர் தலை வேகமாகத் திரும்பியது. முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக்கொண்டு வந்து அவள் முகத்தில் நின்றார். அவ்வளவு வெயிலில் அவளைக் கண்டுபிடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. அது எவ்வளவு நேரம் என்பது அவருக்கும் தெரிந்தது. அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

நான் போட்ட சண்டையால் ஆகாதது அதில் ஆகிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து டிப்போ அடையாள அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“காலைல எட்டரை வண்டிக்கு வேற ஆள் போடச் சொல்லு” என்றார்.