சுஷியும் என் பழஞ்சோற்றுக் கோப்பையும்

பாசிக்குடாவில் நான் சமைக்கும் ஹோட்டலுக்கு ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார். அவருக்காக மனேஜர் மூன்று நாளாக என்னைச் சுஷி உருட்ட வைத்தார். யூடியூப் பார்த்துத்தான் உருட்டினேன்.

அந்த அம்மா மரியாதைக்கு இரண்டு துண்டு சாப்பிடுவார். மிச்சம் அப்படியே குசினிக்குத் திரும்பி வரும்.

இன்று மத்தியானம் குசினிக்குப் பின்னால் இருந்து பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூடவே சுட்ட கருவாடு, வெங்காயம், பச்சை மிளகாய். கடற்கரையிலிருந்து வந்த அந்த அம்மா வழி தவறி நேரே என் முன்னால் வந்து நின்றார்.

பின்னால் ஓடி வந்த மனேஜர் பல்லைக் கடித்தார். "தம்பி, கோப்பைய ஒளிச்சி வை. மானத்த வாங்காத."

அந்த அம்மாவோ கோப்பையைக் குனிந்து பார்த்துவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய ஊர் மியாசாக்கியாம். வெயில் காலத்தில் அங்கே சுட்ட மீனை இடித்து, புளிக்கவைத்த சோயா விழுதோடு குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, வெள்ளரிக்காய் போட்டுச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். பெயர் ஹியாஜிரு.

"எங்கள் வீட்டில் யார் சுஷி செய்கிறார்கள்?" என்று சிரித்தார்.

என் சோற்றில் பாதி அவருக்குப் போனது.

அவர் போனதும் மனேஜர் சொன்னார்: "நாளைக்கு இது மெனுவில வரணும். இனி ஸ்டாஃப் ஒருத்தரும் இதத் தொடப்படாது."

"அப்ப நாங்க என்னத்தச் சாப்பிடுற?"

"மிஞ்சின சுஷி கிடக்குதானே."

சுஷிக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் சரிவருமா? தெரிந்தவர்கள் நாளை மத்தியானத்துக்குள் சொல்லுங்கள்.